ஒட்டாத பட்டனும் ஓடும் உலோகமும்

எங்கள் தெருவில் புதிதாக லேப்டாப் வாங்கிய நண்பர் ஒருவர் சென்ற மாதம் பெட்டியோடு வீட்டுக்கே வந்துவிட்டார். மகன் கேம்ஸ் விளையாடுவதற்காக வாங்கியது. பெட்டியின் மேல் 'லிக்விட் மெட்டல்' என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். "சார், உள்ளே பாதரசமா வைத்திருக்கிறார்கள்? கவிழ்த்தால் கொட்டிவிடுமா?" என்று கேட்டார்.

பாதரசம் இல்லை. காலியம் என்ற உலோகம் கலந்த கலவை. லேப்டாப்பில் பிராசசர் சிப் சூடாகும். அந்தச் சூட்டை எடுத்துச் செல்ல அதன் மேல் ஓர் உலோகத் தகடு உட்கார்ந்திருக்கும். இரண்டும் பார்வைக்கு வழவழப்பாகத் தெரிந்தாலும் நடுவில் கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளங்கள் உண்டு. அந்த இடைவெளியில் காற்று இருந்தால் சூடு கடக்காது. அதை நிரப்புவதற்கு வழக்கமாகச் சாம்பல் நிறப் பசை ஒன்றைத் தடவுவார்கள். சில கம்பெனிகள் இப்போது பசைக்குப் பதில் திரவ உலோகத்தைத் தடவுகின்றன. 2020-இல் வந்த சோனி பிளேஸ்டேஷன் 5 இப்படித்தான் தயாரானது. ஓடக்கூடியது என்பதால் எல்லாப் பள்ளத்திலும் இறங்கிவிடும். உலோகம் என்பதால் சூட்டையும் நன்றாகக் கடத்தும். அவ்வளவுதான் விஷயம்.

நண்பர் நிம்மதியாகப் போய்விட்டார். எனக்குத்தான் லேப்டாப்பை விட்டு வேறொரு நினைவு வந்தது: அம்மாவின் மார்பில் ஒட்டிய பட்டன்கள்.

மயிலாப்பூரில் எங்கள் வீட்டில் சில வருடங்களுக்கு முன் அம்மா இரண்டு முறை விடியற்காலையில் மயங்கி விழுந்தார். இரண்டு முறையும் டாக்டரிடம் போவதற்குள் எல்லாம் சரியாகி, இ.சி.ஜி. சுத்தமாக இருந்தது. இருபத்து நாலு மணி நேரம் தொடர்ந்து பதிவு செய்தால்தான் தெரியும் என்றார் டாக்டர். அதற்கான கருவிக்கு ஹோல்டர் மானிட்டர் என்று பெயர். 1940-களின் இறுதியில் நார்மன் ஹோல்டர் என்ற அமெரிக்கர் உருவாக்கியபோது முதுகில் சுமந்து செல்ல வேண்டிய, ஏறத்தாழ 38 கிலோ எடையுள்ள மூட்டையாக அது இருந்தது. இன்று ஒரு சீட்டுக்கட்டு அளவுதான். இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடலாம்.

தி.நகரில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் மாட்டிவிட்டார்கள். மே மாதம். மார்பில் ஐந்தாறு இடங்களில் பசை தடவிய வட்ட ஸ்டிக்கர், ஒவ்வொன்றிலும் ஒரு பட்டன், பட்டனில் ஒரு ஒயர். பாண்டி பஜாரிலிருந்து ஆட்டோவில் வீடு வருவதற்குள் ஒரு ஸ்டிக்கரின் ஓரம் வியர்வையில் எழும்பியிருந்தது. மேலே பிளாஸ்திரி ஒட்டினேன். இரவு கரண்ட் போய் ஒரு மணி நேரம் கழித்து வந்தது. மறுநாள் கருவியைத் திருப்பிக் கொடுத்து ரிப்போர்ட் வாங்கினால், அதிகாலை இரண்டரை மணியிலிருந்து ஐந்து மணி வரை வெறும் கிறுக்கல். ஒயர் தோலை விட்டுப் பிரிந்தபோது வரும் கிறுக்கல். எந்த நேரத்துக்காக இந்தப் பரிசோதனையோ அந்த நேரம்தான் பதிவாகவில்லை.

"மறுபடியும் அந்தப் பசை வேண்டாம்பா, அரிக்கிறது" என்றார் அம்மா. கெஞ்சிக் கூத்தாடி மார்கழி மாதத்தில் மீண்டும் செய்தோம். குளிர்ந்த இரவு. பட்டன்கள் அசையவில்லை. அதிகாலையில் இதயம் நாலு விநாடிக்கு மேல் நின்று நின்று துடித்திருந்தது பேப்பரில் தெளிவாக இருந்தது. அந்த வாரமே பேஸ்மேக்கர் வைத்தார்கள். நடுவில் போன ஏழு மாதத்தில் மூன்றாவது முறையாக அவர் மாடிப்படியில் விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நான் யோசிப்பதுண்டு.

அன்றிலிருந்து எனக்கு ஓர் உறுதியான கருத்து உண்டு. உடம்போடு சேரும் எலெக்ட்ரானிக்ஸில் சிப் எவ்வளவு வேகம், ஆப் எவ்வளவு அழகு, செயற்கை அறிவு எவ்வளவு புத்திசாலி என்பதெல்லாம் இரண்டாவது. தோலுக்கும் ஒயருக்கும் நடுவில் இருக்கும் கடைசி ஒரு மில்லிமீட்டர்தான் முதலாவது. அதைச் சரி செய்யாமல் மற்றதற்குக் காசைக் கொட்டுவது, லூஸ் கனெக்‌ஷன் உள்ள ஸ்பீக்கருக்குப் புது சவுண்ட் கார்டு வாங்குவது போலத்தான்.

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு இது எளிதில் புரியும். ஸ்பீக்கர் பின்னைப் பாதி செருகினால் கரகரவென்று சத்தம் வரும் அல்லவா? அங்கே வரும் சிக்னல் ஒரு வோல்ட் அளவில் இருக்கும். இதயத்திலிருந்து தோலுக்கு வரும் சிக்னல் சுமார் ஒரு மில்லிவோல்ட். ஆயிரத்தில் ஒரு பங்கு. மூளையிலிருந்து தலைத்தோலுக்கு வருவது அதிலும் மிகக் குறைவு, மில்லிவோல்ட்டில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டுவதே அபூர்வம். இவ்வளவு மெல்லிய சிக்னலுக்கு இணைப்பு கொஞ்சம் ஆடினாலும் கரகரப்புதான் மிஞ்சும்.

ஏன் ஆடுகிறது? உடம்பு மெத்தென்று இருக்கிறது, ஒயர் விறைப்பாக இருக்கிறது. மூச்சு விட்டால் மார்பு விரிகிறது. முழங்கை, முழங்கால் மேல் உள்ள தோல் மடக்கும்போது 30 சதவீதத்துக்கு மேல்கூட நீள்கிறது. செம்புக் கம்பியை ஒரு சதவீதம் இழுத்தாலே அது பழைய நீளத்துக்குத் திரும்பாது. இன்னும் இழுத்தால் அறுந்துவிடும். இரண்டையும் சமாதானப்படுத்தத்தான் நடுவில் அந்த உப்புப் பசை. பசை காய்ந்தாலோ வியர்வையில் கரைந்தாலோ கதை முடிந்தது.

இப்போது லேப்டாப் பெட்டிக்குத் திரும்புவோம். மேடு பள்ளம் உள்ள இரண்டு பரப்புகளுக்கு நடுவே சூட்டைக் கடத்த உதவிய அதே ஓடும் உலோகத்தை, நெளியும் உடம்பில் மின்சாரத்தைக் கடத்தவும் பயன்படுத்தலாமே என்று சிலர் யோசித்தார்கள்.

காலியம் என்றதும் காலி டப்பா நினைவுக்கு வர வேண்டாம். பிரான்ஸ் பகுதியின் பழைய லத்தீன் பெயரான காலியாவிலிருந்து வந்தது. இப்படி ஒரு தனிமம் இருந்தாக வேண்டும் என்று ரஷ்ய விஞ்ஞானி மெண்டலீவ் 1871-இல் கணக்குப் போட்டுச் சொன்னார். 1875-இல் பிரான்சில் அதைக் கண்டுபிடித்தார்கள். உருகும் வெப்பநிலை 29.8 டிகிரி செல்சியஸ். குளிர் நாடுகளில் உள்ளங்கையில் வைத்து உருக்கிக் காட்டி வியப்பார்கள். நம் ஊர் மே மாதத்தில் கை தேவையில்லை. மேஜை மேல் வைத்துவிட்டுக் காபி குடித்து வருவதற்குள் அதுவே உருக ஆரம்பித்திருக்கும். முக்கால் பங்கு காலியத்தோடு கால் பங்கு இண்டியம் சேர்த்தால் சுமார் 15.5 டிகிரியிலேயே திரவமாகிவிடும். அதாவது மார்கழியிலும் சென்னையில் அது திரவம்தான்.

திரவ உலோகம் என்றால் நமக்குப் பாதரசம் நினைவுக்கு வருவதும், பாதரசம் என்றால் கொடைக்கானலில் 2001-இல் மூடப்பட்ட தெர்மாமீட்டர் தொழிற்சாலை நினைவுக்கு வருவதும் இயல்பு. ஆனால் பாதரசம் சாதாரண அறையிலேயே விஷ ஆவியைக் கக்கும். காலியம் அறை வெப்பத்தில் ஆவியாவது ஏறக்குறைய இல்லை என்றே சொல்லலாம். காலியத்தின் உப்பு ஒன்றைப் புற்றுநோயாளிகளின் ரத்தத்தில் கால்சியம் ஏறும்போது மருந்தாகவே கொடுத்திருக்கிறார்கள். இதனால் காலியம் முற்றிலும் பாதுகாப்பானது என்று சொல்லிவிட முடியாது. மருந்துக்கும் அளவு உண்டு. பாதரசத்தோடு சேர்த்துப் பயப்பட வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

இந்தக் கலவைக்கு ஒரு வேடிக்கையான குணம் இருக்கிறது. காற்றுப் பட்ட உடனே அதன் மேல் சில நானோமீட்டர் கனத்தில் ஓர் ஆடை படியும். பால் ஆறும்போது படியும் ஏடு மாதிரி. உள்ளே தண்ணீர் போல ஓடினாலும் அந்த ஏடு அதை ஓர் உருவத்தில் நிறுத்தி வைக்கிறது. பாதரசம் போல உருண்டு உருண்டு ஓடாது. கோடு இழுத்தால் கோடாகவே நிற்கும். அமெரிக்காவில் மைக்கேல் டிக்கி என்பவர் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2008-இல் இந்தக் குணத்தை விளக்கினார்கள். பிறகு வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் டிக்கியின் குழு, ரப்பர் போன்ற மெல்லிய குழாயில் இந்தக் கலவையை நிரப்பி ஒயர் செய்தது. எட்டு மடங்கு வரை இழுத்தாலும் மின்சாரம் போனது. ஹெட்போன் ஒயராகவே அதைச் செய்து காட்டினார்கள். குழாய் நீளும்போது உள்ளே உள்ள திரவமும் கூடவே நீள்கிறது. அறுந்துபோக அதில் கம்பியே இல்லை.

மின்சாரத்தைக் கடத்துவதில் இது செம்பில் பதினேழில் ஒரு பங்குதான். குறைவாகத் தோன்றலாம். உப்புத் தண்ணீரோடு ஒப்பிட்டால் பல லட்சம் மடங்கு அதிகம். ஒரு மில்லிவோல்ட் சிக்னலுக்கு இது தாராளம்.

சீனாவில் ஓர் ஆய்வுக் குழு 2013-இல் இதையே மையாகப் பயன்படுத்தித் தோலின் மேல் நேரடியாக வரைந்து இ.சி.ஜி. எடுத்துக் காட்டியது. 2014-இல் தவளையின் வெட்டப்பட்ட கால் நரம்பின் இரண்டு முனைகளையும் திரவ உலோகத்தால் இணைத்து சிக்னல் கடப்பதைக் காட்டினார்கள். தவளையில் நடந்தது நாளையே நம் வீட்டுப் பெரியவரின் காலில் நடந்துவிடும் என்று தலைப்புப் போட்டு எழுதுகிறவர்களை நான் நம்புவதில்லை. நீங்களும் நம்ப வேண்டாம். ஆனால் திசை சரியானது.

நெளிவு எவ்வளவு முக்கியம் என்பதற்கு நான் வெளிநாட்டு ஆய்வுக்கூடங்களைப் பார்க்க வேண்டியதில்லை. எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் சிறிது தூரம் போனால் ராஜா அண்ணாமலைபுரத்தில் மெட்ராஸ் ஈ.என்.டி. ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. டாக்டர் மோகன் காமேஸ்வரன் தலைமையில், பிறவியிலேயே காது கேளாத குழந்தைகளுக்கு அங்கே காக்ளியர் இம்பிளாண்ட் பொருத்தி வருகிறார்கள். ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குத் தமிழக முதல்வரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திலும் இந்த அறுவை சிகிச்சை உண்டு.

அந்த இம்பிளாண்டின் உயிர் அதன் எலெக்ட்ரோடில்தான் இருக்கிறது. உள்காதில் சங்கு போல இரண்டரைச் சுற்றுச் சுற்றிய ஓர் எலும்புக் குழாய். அதன் உள்ளே சிலிக்கான் ரப்பரில் பதித்த நூல் போன்ற ஒன்றை நுழைக்க வேண்டும். அதில் 22 வரை பிளாட்டினப் புள்ளிகள், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஒயர். விறைப்பாக இருந்தால் சுருளில் திரும்பாமல் மெல்லிய சுவரைக் குத்தும். தொளதொளவென்று இருந்தால் உள்ளேயே போகாது. ஆஸ்திரேலியாவின் கிரேம் கிளார்க் இந்தப் புதிரோடு போராடிக்கொண்டிருந்த சமயத்தில், 1977-இல் கடற்கரையில் கிடந்த ஒரு சங்குக்குள் புல்லை நுழைத்துப் பார்த்தார். நுனியில் துவண்டும் அடியில் விறைத்தும் இருந்த புல் சுற்றிச் சுற்றி உள்ளே போனது. மறு வருடமே பல எலெக்ட்ரோடுகள் கொண்ட இம்பிளாண்டை மெல்பர்னில் ஒரு நோயாளிக்குப் பொருத்தினார். பெசன்ட் நகர் கடற்கரையில் நாமும் எத்தனையோ முறை சங்கு பொறுக்கியிருக்கிறோம். புல்தான் தோன்றவில்லை.

பேஸ்மேக்கருக்கும் இதே கதைதான். அம்மாவின் தோள்பட்டைக்குக் கீழே உள்ள டப்பாவிலிருந்து இதயத்துக்கு ஒரு ஒயர் போகிறது. நிக்கல், கோபால்ட், குரோமியம் கலந்த கம்பியை ஸ்பிரிங் போலச் சுருட்டி, மேலே ரப்பர் உறை. இதயம் துடிக்கும் ஒவ்வொரு முறையும் அது வளைகிறது. நிமிடத்துக்கு 72 என்று வைத்தால் ஒரு நாளைக்கு ஒரு லட்சத்துக்கு மேல். பேட்டரி தீர்ந்தால் டப்பாவை மாற்றிவிடலாம். ஒயர் விண்டுபோனால் இதயத்தோடு ஒட்டி வளர்ந்துவிட்டதைப் பிரித்தெடுப்பது பெரிய வேலை. இங்கே ஒரு நாள் வளைந்து சலிக்காத திரவ ஒயர் வந்தால் முதலில் சந்தோஷப்படுகிறவன் நானாக இருப்பேன்.

ஆனால் அவசரப்படச் சொல்ல மாட்டேன். காரணங்கள் உண்டு. முதலாவது, திரவம் என்றால் கசியும். குழாயில் ஊசி முனை ஓட்டை விழுந்தாலும் பிரச்சினை. இரண்டாவது, உடம்பின் உப்பு நீரில் இருந்துகொண்டு மின்சாரத்தைச் செலுத்தினால் காலியம் மெல்ல அரிக்கப்படும். அதனால் ஒயர் மட்டும் திரவ உலோகமாகவும், உடம்பைத் தொடும் நுனி பிளாட்டினம் போன்ற பழகிய உலோகமாகவும் இருப்பதே புத்திசாலித்தனம் என்பது என் கருத்து. ஆய்வாளர்கள் சிலரும் நுனியில் பிளாட்டினம் பூசித்தான் செய்து பார்க்கிறார்கள். இண்டியம் நீண்ட காலம் உடம்பில் கசிந்தால் என்ன செய்யும் என்பதற்கும் பல வருடச் சோதனை வேண்டும்.

பொருள் கிடைப்பது இன்னொரு தலைவலி. உலகத்தின் காலியத்தில் பெரும்பகுதி சீனாவிலிருந்து வருகிறது. 2023 ஆகஸ்ட் முதல் அதன் ஏற்றுமதிக்கு அங்கே அனுமதி வாங்கியாக வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். அலுமினியம் எடுக்கும் பாக்சைட்டிலேயே காலியமும் துளித் துளியாக இருக்கிறது. மேட்டூரில் இருந்த மால்கோ ஆலையில் ஒரு காலத்தில் அதைப் பிரித்தெடுத்திருக்கிறார்கள் என்பது பலருக்குத் தெரியாது. அதைக் கைவிட்டது நமக்கு நஷ்டம்.

பொறுமைக்கும் நம்மிடமே உதாரணம் இருக்கிறது. திருவனந்தபுரம் ஸ்ரீசித்ரா நிலையம் உருவாக்கிய செயற்கை இதய வால்வு 1990 டிசம்பரில்தான் முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. அதற்கு முன் செய்த மாதிரிகள் தோற்றன. ரத்தத்தில் வருடக்கணக்காகக் கிடந்தும் தேயாத, உடையாத பொருளைத் தேடித்தான் அத்தனை காலம் போனது. பிறகு நம் சென்னையின் டி.டி.கே. குழுமம் அதைத் தயாரித்து விற்றது. ஒரு லட்சம் பேருக்கு மேல் அந்த வால்வு போய்ச் சேர்ந்திருக்கிறது.

அடையாறு ஓரத்தில் ஐ.ஐ.டி. மெட்ராஸ் இருக்கிறது. அங்குள்ள பொறியாளர்கள் சங்கர நேத்ராலயாவோடு சேர்ந்து கண் அறுவை சிகிச்சைக்கான நடமாடும் வண்டியையே செய்து கிராமங்களுக்கு அனுப்பியவர்கள். ராஜா அண்ணாமலைபுரத்து டாக்டர்களுக்கும் அவர்களுக்கும் நடுவில் உள்ளது சில கிலோமீட்டர் தூரம். அவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். மூளைக்குள் வைப்பது, நரம்பை இணைப்பது எல்லாம் பிறகு இருக்கட்டும். முதலில் மார்பில் ஒட்டும் சாதாரண இ.சி.ஜி. பட்டன், சென்னை வியர்வையில் ஒரு நாள் முழுக்கக் கழலாமல் இருக்கச் செய்யுங்கள். தோலின் மேல் வைப்பதால் ஆபத்து குறைவு. கசிந்தாலும் துடைத்துவிடலாம். பயன் பெறுகிறவர்களோ லட்சக்கணக்கில். ஏ.சி. அறையில் இருபது வயது மாணவர் மேல் ஒட்டிப் பார்த்துவிட்டு வெற்றி என்று அறிவிக்கும் கட்டுரைகளைப் படித்துப் படித்து எனக்குச் சலித்துவிட்டது.

இதற்கிடையில் உங்களுக்கு இரண்டு எச்சரிக்கைகள். கைக்கடிகாரத்தில் இ.சி.ஜி. எடுக்கும் வசதி 2018-இல் ஆப்பிள் வாட்ச்சில் வந்தது. இப்போது வேறு கம்பெனிகளும் தருகின்றன. மணிக்கட்டில் ஒரு தொடுபுள்ளி, மறுகை விரலில் ஒன்று என்று அரை நிமிடம் எடுக்கும் பதிவு அது. நீங்கள் விரலை வைத்திருக்கும் வரைதான் பதிவாகும். தூக்கத்தில் நடப்பதை அது காட்டாது. டாக்டர் ஹோல்டர் போடச் சொன்னால் "எங்களிடம் வாட்ச் இருக்கிறது" என்று சொல்லிவிட்டு வராதீர்கள்.

இரண்டாவது, பழைய கம்ப்யூட்டர் சூடாகிறது என்று இன்டர்நெட்டில் திரவ உலோகச் சிரிஞ்சு வாங்கி நீங்களே தடவ வேண்டாம். இதைத் தொட்டால் அலுமினியம் தாங்காது. காலியம் அதற்குள் ஊறி இறங்கி, கெட்டியான தகட்டை அப்பளம் போல நொறுங்க வைத்துவிடும். பல சாதாரண கம்ப்யூட்டர்களின் ஹீட்சிங்க் அலுமினியம்தான். மதர்போர்டில் ஒரு சொட்டு விழுந்தால் ஷார்ட் ஆகிப் போர்டே போய்விடும். ரிச்சி தெருவில் கிடைக்கும் சாதாரண பசை வீட்டு உபயோகத்துக்குப் போதும்.

லேப்டாப் நண்பர் நேற்று மறுபடியும் வந்தார். கீழ் மூடியைக் கழற்றி அந்த உலோகத்தைப் பார்க்க மகன் ஆசைப்படுகிறானாம். வாரண்டி முடியும் வரை ஸ்க்ரூ டிரைவரை ஒளித்து வையுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். அம்மா உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். புது மாதிரி பட்டன் யாராவது செய்து மே மாதத்தில் ஒட்டிப் பார்க்க ஆள் தேடினால் உன் பெயரைக் கொடு, என் பெயரைக் கொடுக்காதே என்றார். கொடுத்துவிட்டேன்.